இருபத்தைந்து அடி இடைவெளி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கீழ்வீட்டு மேனுகா ஒரு ஞாயிறு காலையில் போனைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அண்ணை, தம்பியின்ர ஊரைப் பற்றி இங்கிலீசில போட்டிருக்கு. ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

மேனுகாவின் தம்பி உதயன் மாசி மாதம் நோர்வேயில் காலமானார். கலியாணம் கட்டாதவர். அவருடைய காடும் தோட்டமும் இனி மேனுகாவுக்கு. ஆனால் ஒரு விதி உண்டு: ஒரு வருடத்துக்குள் அங்கே குடிபோய் ஐந்து வருடம் வாழவேண்டும், இல்லையென்றால் விற்கவேண்டும். போவதா விற்பதா என்று சொல்லும் படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச்சேர வேண்டும்.

2

இதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: "நோர்வேயின் உட்பகுதியில், ஆயிரத்து முந்நூறு பேர் வாழும் சிற்றூராட்சி ஒன்று…" (பள்ளிக்கூடப் புத்தகம். விட்டேன்.)

இரண்டாவது: "பனி கொட்டும் அந்த —" (பனி பார்க்க மொன்றியல்காரன் அவ்வளவு தூரம் போகவேண்டுமா?)

ஆகவே வாசித்ததையே சொல்கிறேன். பால்மாடு, உருளைக்கிழங்கு, பார்லி. மிச்சமெல்லாம் காடு. வெட்டினால் மூன்று வருடத்துக்குள் திரும்ப நடவேண்டும். நட்டது வெட்டுக்கு வர எழுபது, எண்பது வருடம்.

"எழுபதோ? அப்ப நட்டவன் காணமாட்டான்."

"காணமாட்டான்."

"தெரிஞ்சுகொண்டோ நடுகினம்?"

டவுன்டவுன் உணவகத்தில் இருபது வருடம் சமைத்த கை மேனுகாவுடையது. அது சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அன்று வெகுநேரம் சும்மா இருந்தது.

3

உதயன் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம். ஒரு முகவரியில் மூன்று வருடம் நிலைக்காத ஆள் காடு வாங்கி மரம் நட்டார் என்றால் யார் நம்புவது? மேனுகா படம் காட்டினார். அவர் நட்ட முதல் ஏக்கரில், ஊசியிலைக் கன்றுகள் இருபத்தைந்து அடிக்கு ஒன்று.

"தென்னைக்கு விடுற மாதிரி விட்டிருக்கிறான், விசரன்!"

(அந்த மரத்துக்கு ஆறடி போதும். நெருக்கி நட்டால்தான் நேராக வளரும்.)

ஊராட்சியின் காட்டு அலுவலர் வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாராம். அடுத்த சனிக்கிழமை நாற்பது பேர் மண்வெட்டியோடு வந்து இடைவெளியை நிரப்பிக் கொடுத்தார்களாம். பொதுவேலைக்கு வீட்டுக்கு ஒருவர் வருவது அங்கே வழக்கம். உதயனின் கன்றில் ஒன்றைக்கூட அவர்கள் பிடுங்கவில்லை. எனக்கு மெய்சிலிர்த்தது. அதை அடக்கி எழுத எனக்குத் தெரியவில்லை.

4

முடிவு அ: மேனுகா கையெழுத்து வைக்கிறார், போகிறார்.

முடிவு ஆ: விற்கிறார். மொன்றியலில், எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனிலேயே —

இரண்டாவதை மூன்று பக்கம் எழுதினேன். முதலாவதற்கு அந்த ஒரு வரிதான். ஏனென்று ஒளிக்காமல் சொல்கிறேன்: அவர் போய்விட்டால் இந்தக் கட்டடத்தில் என்னோடு தமிழில் கதைக்க ஒருவரும் இல்லை. அப்படிப்பட்டவன் முடிவு எழுதக் கூடாது.

இன்று வியாழன். படிவம் அவருடைய அடுப்படி மேசையில் கிடக்கிறது. மேனுகா அங்கிருந்து வாசல்வரை அடியளந்து நடந்தார்.

"அண்ணை, இருபத்தைஞ்சு அடி எண்டா என்ர முழு வீடும்."

திரும்பி வந்து பாதியில் நின்றார். "இதுக்குள்ள மூண்டு மரம் வைச்சிருக்குதுகள், அந்தச் சனம். ஆரோ ஒருத்தன்ர பிழைக்கு."

அங்கேயே நிற்கிறார், மேசைக்கும் வாசலுக்கும் நடுவில். நான் பேனையை வைத்துவிட்டேன். இனி நீங்கள் எழுதுங்கள். என்னை நினைத்து மட்டும் எழுதாதீர்கள்.