மாடி ஏறிய தாளம்

நான்கு மாதமாக ஸனியாவின் வலது காதுக்குள் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு டாக்டர்கள் காதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். ஜின் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிய நாத்தனார் ஃபவ்கியா, கெய்ரோவிலேயே பேர்போன மேளக்காரி உம்மு ரிஸ்க்கை வீட்டுக்கு வரவழைத்தாள். ஒவ்வொரு ஜின்னுக்கும் ஒரு தாளம் உண்டு. அதைக் கண்டுபிடித்து அடித்தால்தான் அது அடங்கும்.

"காதுல கேக்குறத அப்படியே முழங்கால்ல தட்டிக் காட்டு," என்றாள் உம்மு ரிஸ்க்.

ஸனியா தட்டினாள். மேளக்காரி மேளத்தைத் தொடவில்லை. ஸனியாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"மாடிக்கு ஏறி எறங்கி வா."

மூச்சிரைக்க வந்து மறுபடி தட்டியபோது தாளம் தலைதெறிக்க ஓடியது.

"எதுக்கு இந்த வெளையாட்டு? பலி குடுக்கக் கோழியெல்லாம் வாங்கியாச்சு," என்று எரிந்து விழுந்தாள் ஃபவ்கியா.

"நீ கொஞ்சம் வாயை மூடு."

உம்மு ரிஸ்க் ஸனியாவின் காதுக்குப் பின்னால் தன் காதை அழுத்தி வைத்தாள். அறையில் ஈ பறந்தாலும் கேட்டிருக்கும். நிமிர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"எனக்கும் கேக்குது. மாடி ஏறினா ஜின்னுக்கு மூச்சு எளைக்குமாடி? இது ரத்தம் ஓடுற சத்தம். எங்கயோ ரத்தக் கொழாய்ல கோளாறு. கோழியைக் கூண்டுல போட்டுட்டு, இப்பவே இவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. டாக்டர் மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தா, மொதல்ல கழுத்துல தொங்குற ஸ்டெதஸ்கோப்பை இந்தக் காதுக்குப் பின்னால வச்சுக் கேளுன்னு சொல்லு."

ஃபவ்கியா செருப்பைத் தேடி ஓடினாள். ஸனியா மட்டும் அசையாமல் மேளக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவே ஒங்களுக்குக் கேட்டுச்சா?"