நகரிக் காது

திருப்பதியில், திருச்சானூர் சாலையில் ஒரு சூட்கேஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஜெயபிரகாஷின் இசைத்தட்டுக் கடை. புதிதாக வந்த தட்டுகளை வெள்ளிக்கிழமை தோறும் கேட்டு, ஒன்றுக்கு மூன்று வரி வீதம் எழுதி, வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவான். 'எத்தியோப்பிய ஜாஸ், ஐம்பது வருஷத்துக்குப் பின் மறுபதிப்பு. சாக்சபோன்காரர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. மழை நாளுக்கு ஏற்றது.' 'நார்வே மெட்டல், புதுசு. இரண்டாம் பக்கத்தில் கோபம் கொஞ்சம் குறைவு. வீட்டில் மாமியார் இருந்தால் ஹெட்போன் அவசியம்.' 'சரோத், மறுபதிப்பு. பழைய தட்டின் கரகரப்பைத் துடைக்கிறேன் என்று ஆளையே துடைத்துவிட்டார்கள். வாங்க வேண்டாம்.'

தன் கடைச் சரக்கையே வாங்க வேண்டாம் என்று எழுதுகிறவன் என்பதால் குழுவில் அவன் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ரேணிகுண்டாவில் ரயில் ஓட்டும் வெங்கடரமணனிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வரை, ஜேபி காதில் போட்டு எடுத்தால் போதும் என்பார்கள்.

அதனால்தான் சித்தூர் மோனிகா தன் முதல் தட்டை அவனிடம் கொடுத்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர், மாலையில் வயலின். மூன்று வருஷம் சேர்த்து வைத்த ஐந்து உருப்படிகள். எல்லாம் மெதுவான விளம்ப காலம், ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே நிறைய வெறுமை. ஜெயபிரகாஷின் கடை சொந்தமாக வெளியிடப்போகும் முதல் தட்டும் அதுதான். முந்நூறு பிரதி.

தட்டு அச்சடிக்கும் ஆலையில் ஒரு வழக்கம். மொத்தமாக அடிப்பதற்கு முன் ஐந்து மாதிரித் தட்டுகள் அனுப்புவார்கள். கேட்டுப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போட்டுவிட்டால் பிறகு வரும் குறைக்கு ஆலை பொறுப்பில்லை.

"எங்கிட்ட பிளேயர் ஏதுண்ணா? உங்க காதே என் காது" என்று சொல்லிவிட்டாள் மோனிகா.

மாதிரிகள் வந்ததும் அவன் அவசரப்படவில்லை. அமாவாசை வரைக்கும் காத்திருந்தான். அவன் வீடு, தெருவெல்லாம் தறி ஓடும் நகரியில். வீட்டை ஒட்டியே அப்பா செங்கல்வராயனின் எட்டு விசைத்தறி. அமாவாசையன்று தெருவில் ஒரு தறியும் ஓடாது. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் நகரியில் நிசப்தம் என்று ஒன்று உண்டு. அவ்வளவு மெல்லிய இசையைச் சோதிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது என்று நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை அமாவாசை. படையல் முடிந்து, சாப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மூன்று முறை கேட்டான். மனைவி ரோஹிணியும் கேட்டாள். சுத்தமாக இருந்தது. அமாவாசை என்றாலே தூக்கம் வராமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிற செங்கல்வராயன், அன்று தட்டு ஓடத் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் குறட்டை விட்டார்.

எழுந்ததும், "நல்லா கீதுடா. அமாவாசை மாதிரியே இல்ல" என்றார்.

"நைனாவே தூங்கிட்டாரு. இதுக்கு மேல இன்னா சர்டிபிகேட் ஓணும் உனக்கு?" என்றாள் ரோஹிணி.

'தூசு அளவு சத்தம்கூட இல்லை. அடிக்கலாம்' என்று எழுதி, புதன்கிழமை கையெழுத்தை அனுப்பினான்.

சனிக்கிழமை காலை வெங்கடரமணன் கடைக்கு வந்தார். இரவு வண்டி ஓட்டிவிட்டு நேராக வந்தவர், நார்வே மெட்டலைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஜெயபிரகாஷ் பெருமையோடு மோனிகாவின் மாதிரியைச் சுழலவிட்டான்.

இரண்டு நிமிஷம் போயிற்று. "ஏமப்பா ஜேபி, பின்னாடி டக்கு டக்குன்னு வருதே, அது பாட்டுல சேர்ந்ததா?"

"என்ன டக்கு சார்?"

"ரயில் ஜாயிண்ட்ல சக்கரம் ஏறுற மாதிரி. லேசா."

"ராத்திரி பூரா என்ஜின்ல இருந்துட்டு வந்தா அப்படித்தான் இருக்கும். டீ குடிங்க."

"என்ஜின்ல அந்தச் சத்தத்தைக் கேக்கறதுக்குத்தானப்பா சம்பளம் குடுக்கறாங்க. இதோ பாரு." கண்ணை மூடிக்கொண்டு மேசையில் விரலால் தட்டிக் காட்டினார்.

ஜெயபிரகாஷுக்கு அப்போதும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த விரலைப் பார்த்தான். அந்த வேகம் அவனுக்குத் தெரியும். நிமிஷத்துக்கு நூற்று முப்பது சொச்சம். தறியில் நாடா இந்தப் பக்கம் அடிபட்டு அந்தப் பக்கம் போகும் வேகம். அவன் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் வேகம்.

மேசையின் தட்டலோடு சேர்த்துக் கேட்டபோது அது மெல்லத் தட்டிலிருந்து பிரிந்து வந்தது. டக். டக். டக். தட்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நான்கு முறை. ஆலையின் அச்சுத் தகட்டில் நான்கு இடத்தில் ஏதோ பிசகு. மற்றவர்களுக்குச் சத்தமாகக் கேட்பது நகரிக்காரனுக்கு நிசப்தமாகக் கேட்டிருக்கிறது. அவன், ரோஹிணி, நைனா, மூன்று பேருக்கும். நைனா ஏன் தூங்கினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

ஆலைக்குப் போன் போட்டான்.

"திங்கள் காலையில அடிக்க ஆரம்பிக்கறோம் சார். நீங்கதானே தூசு அளவுகூட இல்லைன்னு எழுதினீங்க?" என்றார் மேற்பார்வையாளர்.

"எழுதினது தப்பு. என் காது தப்பு."

"நிறுத்தணும்னா இன்னைக்கு ஆறு மணிக்குள்ள சொல்லிடுங்க. தகடு புதுசா எடுக்கணும். புது மாதிரி உங்களுக்கு வர ஒரு மாசம் ஆகும்."

இருபதாம் தேதி சித்தூரில் வெளியீட்டு விழா. மண்டபம் சொல்லியாகிவிட்டது, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. வாங்கப்போகும் முந்நூறு பேரில் எத்தனை பேருக்கு அது கேட்கும் என்று ஒரு கணம் யோசித்தான். யோசித்ததற்காகவே வெட்கமாக இருந்தது. கடையை வெங்கடரமணனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சின்ன பிளேயரைத் தூக்கிக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினான். போனில் சொல்கிற விஷயமில்லை. அவள் காதால் கேட்க வேண்டும்.

மோனிகாவின் வீட்டை அடைந்தபோது மணி மூன்றரை. அவள் தன் தட்டை முதல்முறை கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். முள் இறங்கியது. அவள் முகம் மலர்ந்தது. பிறகு நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள். எழுந்து போய் அதை நிறுத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, அசையாமல் கேட்டாள்.

"இது ஃபேன் இல்லையாண்ணா?"

"இல்லம்மா."

"நீங்க கேக்கவே இல்லையா?"

"மூணு தடவ கேட்டேன். வூட்ல எல்லாரும் கேட்டோம். எங்க காதுல வுழல. பொறந்ததுலேர்ந்து தறி ஓடிக்கினே கீது. அது ஓடுனாத்தான் எங்களுக்கு அமைதி." சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது. "நான் கையெழுத்தும் போட்டுட்டேன்."

மோனிகா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். தெருவில் மாம்பழக் கூடைகளோடு ஓர் ஆட்டோ போயிற்று.

"மூணு வருஷம்ணா. அந்த வெறுமையைத்தான் நான் வாசிச்சேன். அதுலயே போய் அடிச்சிருக்கு."

"தெரியும்."

"என்ன தெரியும் உங்களுக்கு? உங்களுக்குத்தான் கேக்கவே இல்லையே!"

அவன் தலை குனிந்தான். அவளோ, கோபமாகத் தொடங்கிய அந்த வாக்கியம் முடிந்த இடத்தில் சிரித்துவிட்டாள். "அப்படியே அடிச்சு நகரிக்கு மட்டும் விக்கலாமா? மொத்த ஊரும் நல்லாத் தூங்கும்."

"நைனா பத்து வாங்குவாரு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "போன் போடுங்க. நிறுத்தச் சொல்லுங்க. இருபதாம் தேதி நான் நேர்ல வாசிச்சுக்கறேன். தட்டு வரும்போது வரட்டும்."

விழாவில் அவள் வாசித்தாள். மேசை மேல் வெறும் அட்டை உறை மட்டும் இருந்தது. ஜெயபிரகாஷே மேடையேறி, தட்டு ஏன் இல்லை என்பதை ஒளிக்காமல் சொன்னான். கூட்டம் சிரித்தது. எண்பத்தோரு பேர் தட்டுக்குப் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

புது மாதிரிகள் அடுத்த மாதம் வந்தன. இந்தத் தடவை முதலில் வெங்கடரமணன் கேட்டார், விரல் மேசையில் அசையவில்லை. "க்ளியர்" என்றார், சிக்னல் பார்த்துச் சொல்வது போல. மோனிகா திருப்பதிக்கு வந்து ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் போட்டாள், அவர் போட்டார். மூன்றாவதாக அவன் பெயருக்குக் கீழே காலி இடம் இருந்தது.

"நீங்களும் போடுங்கண்ணா."

"அமாவாசை போவட்டும்" என்றான்.

அமாவாசையன்று அதே கூடம், அதே கதவு. முள்ளை இறக்கினான். வயலின் ஓர் இழை இழுத்து நிறுத்தியது. அந்த இடத்தில் அவன் உடம்பு தானாக நிமிர்ந்தது, நடுப்பகலில் கரண்ட் போய்த் தெருவிலுள்ள தறியெல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் நிமிர்வது போல. ரோஹிணி அவனைப் பார்த்தாள். அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

பாயில் படுத்திருந்த செங்கல்வராயன் புரண்டார். எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னாடா இது, அந்தத் தட்டு தானா? தூக்கமே வரமாட்டேங்குது."

"அதே தான் நைனா."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். நடக்கப் போகவில்லை. பக்கம் முடிந்து முள் தூக்கிக்கொள்ளும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரு வாசிக்கிறது?"

"மோனிகான்னு ஒரு பொண்ணு. சித்தூரு."

"போன தடவ சொல்லலியே நீ."

"சொன்னேன். நீ தூங்கிக்கினு இருந்த."

"சரி, திருப்பிப் போடு" என்றார்.

ஜெயபிரகாஷ் தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, ரோஹிணியிடம் பேனா கேட்டான்.