நாற்பத்தாறு அட்டைகள்

ஹத்தானோவின் சித்திரத்தொடர் மூன்று வாரமாகச் சிறுவர் வார இதழின் கடைசிப் பக்கங்களில் வந்துகொண்டிருந்தது. வாங்குகிற பிள்ளைகள் உள்ளே இருக்கும் தபால் அட்டையில் பிடித்த கதைகளைக் குறித்துத் தபாலில் போடுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் கதை பின்னால் தள்ளப்படும். அதற்கும் பின்னால் விளம்பரம். பிறகு ஒன்றுமில்லை.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. இருபது வருடம் அடுத்தவன் கதைக்குக் கட்டடமும் மழையும் வரைந்த பிறகு கிடைத்த சொந்தத் தொடர், முத்துக் குளிக்கிற ஒருத்தியின் கதை. இது போனால் மறுபடி அடுத்தவன் மழைதான்.

தான் குடியிருந்த நெரிமா வட்டாரத்தில் ஆறு கடைகள் ஏறி இறங்கி நாற்பத்தாறு இதழ்கள் வாங்கினார். அட்டைகளை வெட்டியெடுத்து, தன் கதையைக் குறித்து, இடது கையால் சில, பிழையோடு சில என்று நிரப்பினார். வயதை மாற்றி மாற்றிப் போட்டார். வெவ்வேறு தபால் பெட்டிகளில் சேர்த்தார். எதையும் விட்டுவிடவில்லை என்றுதான் நினைத்தார்.

திங்கட்கிழமை காலை, அவர் கதையைக் கவனிக்கிற எடிட்டர் மிக்காமி வந்தான். உட்காரவில்லை. அட்டைகளை மேசையில் கொட்டினான்.

"வாத்தியாரே, ஒன்பது வயசுப் பசங்க எல்லாம் எப்பலேர்ந்து படக்கதை போட ஆரம்பிச்சாங்க?"

"என்ன தம்பி உளர்றே?"

"கோட்டைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். எழுத்து வரிசையாக நிற்பதற்காக ஒவ்வொரு அட்டையிலும் வெளிர்நீலப் பென்சில் கோடு. அச்சில் அந்த நீலம் விழாது. அதனால் வரைகிறவர்கள் யாரும் அதை அழிப்பதில்லை. பழகிப்போய் அவர் கண்ணுக்கே அது தெரிவதில்லை. அட்டையை யாரும் அச்சடிக்கப் போவதில்லை என்று தோன்றவே இல்லை.

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ணு விடாம. எங்க தலைமை எடிட்டர்தான் முதல்ல பாத்தாரு."

"எப்படியும் என் கதைதான் கடைசி. இதுல புதுசா என்ன கெட்டுப்போச்சு?"

"இதுங்களைக் கழிச்சுட்டு எண்ணினோம். கீழேர்ந்து நாலாவது நீங்க. சும்மா கிடந்திருந்தா கோடை வரைக்கும் ஓடியிருக்கும்யா. இப்ப நிறுத்தச் சொல்லிட்டாங்க."

ஹத்தானோ அட்டைகளை ஒதுக்கித் தள்ளினார்.

"மூணு வாரம் குடு. அவ இன்னும் கடலுக்கு அடியில இருக்கா."

"ஒரே வாரம். பத்தொன்பது பக்கம்."

"அதுக்குள்ள எப்படிடா மேல கொண்டுவர்றது?"

"கொண்டுவரணும்னு யாரு கேட்டா?"

"நான் வரையலேன்னா?"

"ஒரு புதுப் பொண்ணோட கதை ரெடியா இருக்கு. அதைப் போட்டுருவாங்க."

"காட்டு."

மிக்காமி தயங்கிப் பையிலிருந்து நகல்களை எடுத்தான். ஹத்தானோ குற்றம் தேடினார். விரல்கள், காதுகள், ஓடும்போது துணி மடிகிற விதம். ஒன்றும் சிக்கவில்லை. நகல்களைத் திருப்பிக் கொடுத்தார்.

"எப்ப வேணும்?"

"வியாழன் மத்தியானம்."

புதுத் தாளை இழுத்து முதல் கட்டத்தைக் கறுப்பால் நிரப்பத் தொடங்கினார். மிக்காமி வாசலில் நின்று செருப்பைத் தேடினான்.

"அவளை மேல கொண்டுவந்துருவீங்கல்ல, வாத்தியாரே?"

"அதுக்கு இருபத்தஞ்சு பக்கம் வேணும்" என்றார் ஹத்தானோ, தலை நிமிராமல்.