எழுத்தில் ஓர் உத்தரவு

“உக்காருங்கம்மணி” என்று தாளாளர் திருமூர்த்தி சொன்னபோதே ஏதோ சரியில்லை என்று ரங்கநாயகிக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பொறியியல் கல்லூரியின் கணினிப் பிரிவில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறாள். ஒரு நாளும் அவர் அவளை உட்காரச் சொன்னதில்லை. மதுக்கரை தாண்டி இருந்த தன் நூல் மில்லை இடித்துவிட்டு அவர் கட்டிய கல்லூரி அது. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் மரியாதையும் ஏறும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மேசைமேல் சென்னைப் பதிப்பகம் ஒன்றின் வக்கீல் நோட்டீஸ் கிடந்தது. முதலாமாண்டுப் பிள்ளைகள் வாங்கியே ஆக வேண்டும் என்று கல்லூரி அச்சடித்திருந்த கணினிப் பாடப் புத்தகம், அந்தப் பதிப்பகத்தின் புத்தகத்திலிருந்து பக்கம் பக்கமாக எடுக்கப்பட்டது என்றது நோட்டீஸ். அட்டையில் ஆசிரியர் பெயர் திருமூர்த்தி. அவருடைய மெயிலைத் திறந்து படித்துக் காட்டவே தனியாக ஒரு ஆள் உண்டு. யாரோ இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்து ஸ்கேன் செய்து பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மூலத்தில் இருந்த எழுத்துப் பிழைகள்கூட இங்கே அப்படியே இருந்ததைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்தத் தாள்களின் நகல் நோட்டீஸோடு இணைக்கப்பட்டிருந்தது.

“இந்தத் தாளோட ஓரத்துல கறுப்புக் கோடு உளுந்திருக்குது பாருங்க. நம்ம லைப்ரரி மிஷின்லதானுங்க இப்படி உளும். நம்ம சோத்தத் தின்னுபோட்டு நம்ம மேலயே எழுதிப்போட்டிருக்காங்க. சுரேந்தரைப் பாக்கச் சொன்னேன், ஒண்ணும் கெடைக்கலைங்கறாரு. நீங்க பாருங்க. பேரை மட்டும் எங்காதுல சொன்னாப் போதும்” என்றவர், கொஞ்சம் இடைவெளி விட்டு, “அந்த ஹெட் சீட்டு உங்களுக்கு வர வேண்டியதுதானுங்களே” என்றார்.

சுரேந்தர் இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூரு கம்பெனி ஒன்றிலிருந்து பிரிவுத் தலைவனாக வந்தவன். வந்த வாரமே அவளுடைய அறை அவனுக்குப் போனது. கல்லூரியின் சர்வரை ஒற்றை ஆளாக நிறுவியவளை, ப்ரொஜெக்டர் ஒயர் மாற்றவும் பிரிண்டருக்கு மை போடவும் அனுப்பினான். நேரில் மேடம் என்பான். ஒரு துறைக் கூட்டத்தில் அவள் எதிரிலேயே, “பழைய வெர்ஷனுக்கு இனி சப்போர்ட் இல்லைங்க” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்று பஸ்ஸில் போத்தனூர் வரை நின்றுகொண்டே போனாள். உட்கார இடம் இருந்தது.

நூலக ஸ்கேனரில் பணியாளர் எண்ணைத் தட்டினால்தான் வேலை நடக்கும். யார், எப்போது, எத்தனை பக்கம், எந்த முகவரிக்கு அனுப்பினார்கள் என்று அது தனக்குள் ஒரு பட்டியலும் வைத்துக்கொள்ளும். அந்த மிஷினை நிறுவியவள் அவள்தான். மத்தியானமே திறந்து பார்த்தாள். பிப்ரவரி பதினொன்று, மாலை நாலேகால், நாற்பத்தாறு பக்கம். எண் சுரேந்தருடையது. புதிதாக ஒரு மெயில் முகவரி உண்டாக்கத் தெரிந்தவனுக்கு, மிஷினில் தன் எண்ணைத் தட்டியது நினைவில் நிற்கவில்லை. பட்டியல் ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. ரங்கநாயகி மூன்று தடவை படித்துப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றே அவன் அறைக்குப் போனாள்.

“லைப்ரரி ஸ்கேனர் தனியா ஒரு லிஸ்ட் வெச்சிருக்குதுங்க சார். தெரியுமுங்களா?”

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். “எவ்வளவு நாளா இதுக்குக் காத்துட்டிருந்தீங்க?”

“ரெண்டு வருஷமாங்க.”

“நான் என்னமோ நியாயத்துக்காகப் பண்ணுனேன்னு நெனைச்சுக்காதீங்க. அந்தப் புஸ்தகத்துல நாலு சேப்டர் நான் சொந்தமா எழுதுனது. மீதியக் காப்பியடிக்கச் சொன்னவரு அவரு, அடிச்சவன் நான். எம்பேரு எங்கீங்க? நன்றி சொல்ற பக்கத்துல அவரு ஊட்டு டிரைவர் பேருகூட இருக்குது.” அவன் குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினான். “போங்க, போய்ச் சொல்லிப்போட்டு இந்தச் சேர்ல வந்து உக்காருங்க.”

சொல்லிவிடத்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். இனித்தது. ஆனால் காதில் சொல்வது என்று நினைக்கும்போதெல்லாம் லாஸ்யா நினைவுக்கு வந்தாள். நாலு வருடத்துக்கு முன் விடுதித் தண்ணீரில் புழு வருவதைப் படம் பிடித்துப் பெயர் போடாமல் இணையத்தில் போட்ட பெண். அன்றும் திருமூர்த்தி கேட்டார். ரங்கநாயகியும் காதில்தான் சொன்னாள். அந்த வாரமே பெண்ணுக்கு டி.சி. கொடுத்தார்கள். பவானியிலிருந்து வந்த அவள் அப்பா, பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, வாசலில் நின்ற ரங்கநாயகியைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவருக்கு எதுவும் தெரியாது.

அதற்கு அடுத்த வருடம், தரச்சான்றுக் குழு வருகிறது என்று கல்லூரிக்கு ஒரு தகவல் கொள்கை எழுதச் சொன்னார்கள். வடக்கே ஏதோ பல்கலைக்கழகத்தின் இருபத்து மூன்று பக்கங்களை இறக்கி, பெயரை மட்டும் மாற்றினாள். பிரின்சிபால் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். யார் எதைப் பார்த்தார்கள், எதை அனுப்பினார்கள் என்ற பதிவை எழுத்துமூல உத்தரவில்லாமல் ஒருவருக்கும் தரக் கூடாது என்றது அதன் ஏழாவது விதி. நமக்கெதற்கு இது என்று அழிக்கப் போன விரலை அன்று அவள் எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை, ஏழாவது விதியைக் குறிப்பிட்டு, உத்தரவு கேட்டு எழுதிய கடிதத்தைத் திருமூர்த்தியின் மேசையில் வைத்தாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏனுங்கம்மணி, இந்தக் கொள்கையே நீங்க எங்கியோ காப்பியடிச்சதுதானுங்களே?”

“ஆமாங்க சார். காப்பிதானுங்க. கையெழுத்து நம்ம பிரின்சிபால் போட்டதுங்க.”

“நான் எழுதிக் குடுத்தா அது நாளைக்குக் கோர்ட்ல எங்கழுத்துக்குத்தானுங்க வரும். அதுக்குத்தானுங்க கேக்கறீங்க?”

“எழுதிக் குடுங்க சார். நானும் எழுத்துலயே பதில் குடுக்கறேன்.”

“ரொம்ப நல்லதுங்க. போய் வாங்க. ரொம்ப நல்லதுங்க” என்றார் அவர். இத்தனை மரியாதையை அவள் அதுவரை கேட்டதில்லை.

புதன்கிழமை மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை. திருமூர்த்தி பக்கத்தில் சுரேந்தர் உட்கார்ந்திருந்தான். ஸ்கேனரின் பட்டியல் சுத்தமாக அழிக்கப்பட்டிருக்கிறது என்றான். சர்வர் அறையிலிருந்துதான் அதை அழிக்க முடியும், அந்தச் சாவி தன்னிடமும் அவளிடமும் மட்டும்தான் இருக்கிறது என்றான். “நான் யாரையும் குத்தம் சொல்லலைங்க சார். மறைக்க ஒண்ணுமில்லாதவங்க எதுக்குங்க எழுத்துல கேக்கப் போறாங்க?” சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பில் பெயர்ந்திருந்த மைக்காவை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான்.

அவன் பெயர் ரங்கநாயகியின் நாக்கு நுனியில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாப் பட்டியலும் தானாகவே ஒரு பழைய டிஸ்கில் நகலாகும்படி அவள் ஒன்பது வருடத்துக்கு முன்பே செய்துவைத்திருந்தாள். நூலக மாடி அலமாரியில் கிடக்கும் அந்த டிஸ்கைப் பற்றி, இந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியத்துக்காகவே திருமூர்த்தி அவளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க சார்” என்றாள். சுரேந்தரின் நகம் நின்றது. “எழுத்துல உத்தரவு குடுங்க.”

“சாவியை வெச்சுப்போட்டுப் போங்க” என்றார் திருமூர்த்தி. “லீவுல இருங்க. நாங்களே கூப்பிடறோமுங்க.”

அவனைக் காப்பாற்றவில்லை என்று படியிறங்கும்போது தனக்கே சொல்லிக்கொண்டாள். அவன் நாசமாய்ப் போகட்டும். அவள் மேசையிலிருந்த கணினியில் கடவுச்சொல் அதற்குள் மாற்றப்பட்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

நாலரை மணி கல்லூரி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பெண் காவலர் ராமாத்தாள் பாதையை மறித்தாள். அவள் காதில் போன்.

“அம்மணி, தப்பா நெனைச்சுக்காதீங்க. பென் டிரைவ் இருக்குதான்னு பையைப் பாக்கச் சொல்றாங்க. லைன்லயே இருக்காங்க.”

பஸ் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. ஒருத்தி செல்போனை உயர்த்தினாள். ராமாத்தாள் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, ரங்கநாயகி பையைக் காவலர் மேசைமேல் தானே கவிழ்த்தாள். பர்ஸைத் திறந்து உதறினாள். மாத்திரை அட்டையைத் திருப்பிக் காட்டினாள். டிபன் பாக்ஸின் இரண்டு அடுக்கையும் கழற்றி வைத்தாள். மிச்சமிருந்த தயிர்சோற்றின் புளித்த வாடை எழுந்தது. கண்ணாடிக் கூடு, சீப்பு, துண்டு. “எல்லாம் பாத்தாச்சுங்க, ஒண்ணுமில்லீங்க” என்று ராமாத்தாள் போனில் கெஞ்சினாள். அந்தப் பக்கம் இன்னும் ஏதோ சொன்னார்கள். அவள் கண், பையிலிருந்து விழுந்து மேசை ஓரத்தில் கிடந்த மடக்குக் குடைமேல் போனது.

ரங்கநாயகி அதை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். சித்திரை வெயிலில் குடை படாரென்று விரிந்தது. தலைகீழாகப் பிடித்து, கம்பி கம்பியாக, அத்தனை ஜன்னல்களுக்கும் தெரியும்படி மெல்லச் சுற்றிக் காட்டினாள்.