கட்டவிழ்க்கிற வாய்

ஒரு டிவிப் பெட்டிக்காக ஒரு மனிதனை நரகத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டால், வட பின்லாந்தில் எங்கள் ஊர் ஜெபவீட்டுக்காரர்களால் முடியும். அனுப்புவதற்கு முன் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும்கூடக் கொடுப்பார்கள்.

தாய்ஸ்தோ அந்தப் பெட்டியை வாங்கியது பனிச்சறுக்குப் பந்தயம் பார்க்கத்தான். டிவியே பாவம் என்கிற சபை, விஷயம் தெரிந்ததும் கூடி விசாரித்தது. அவன் பெட்டியைக் கோடாலியால் உடைத்துப் போட்டுவிட்டு, "தப்புதான், மன்னிச்சிருங்க" என்றான். அதோடு விட்டிருக்கலாம். பிரசங்கியாக இருந்த அவன் சொந்த அண்ணன் ஆர்னே எழுந்தார்.

"உனக்குள்ள சபையை வெறுக்குற ஆவி இருக்கு. அதையும் ஒத்துக்கோ."

"இல்லாததை எப்படிண்ணே ஒத்துக்குறது? பொய் சொல்லியா மன்னிப்பு வாங்கணும்?"

அவ்வளவுதான். அவன் பாவத்தில் கட்டப்பட்டவன், சபை அவிழ்க்கும்வரை அவனுக்கு மன்னிப்பு கிடையாது என்று எல்லோரும் எழுந்து நின்று தீர்மானித்தார்கள். எழுந்தவர்களில் அவன் மனைவி ஹில்க்காவும் ஒருத்தி.

விசுவாசிகள் ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கம் 'தேவ சமாதானம்'. வெளியாட்களுக்கு வெறும் 'நல்ல நாள்' போதும். அவனுக்கு ஒன்பது பிள்ளை பெற்ற ஹில்க்காவும் காலையில் அவனுக்குக் காப்பி ஊற்றி 'நல்ல நாள்' என்றாள். 

"என்னடி, தபால்காரன்கிட்ட பேசுற மாதிரி பேசுற?" என்று அவன் சிரிப்பான்.

மூன்றே மாதத்தில் கணையத்தில் புற்று. புல் அறுப்புக் காலம் வந்தபோது எழுந்து உட்காரவும் தெம்பில்லை. சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது.

"ஹில்க்கா, நீயாவது சொல்லு. 'இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் உன் பாவம் மன்னிக்கப்பட்டது'ன்னு ஒரே ஒரு தடவை. பயமா இருக்குடி."

வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சபை கட்டியதைத் தனியாள் அவிழ்த்தால் இரண்டு பேருமே தொலைவார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் அவள்.

"ஆர்னே அத்தானுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேங்க. இப்ப வந்துருவாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அத்தான் வரவில்லை. வானம் மழைக்குக் கறுத்து நின்றது; காய்ந்த புல்லைக் கொட்டகையில் சேர்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தாய்ஸ்தோ கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"அந்த ஆவி இருக்குன்னே சொல்லிடுறேன்டி. எது வேணாலும் சொல்றேன். நீ அந்த வார்த்தையைச் சொல்லிடு."

ஹில்க்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். நாலு மணிக்கு அவன் செத்துப்போனான்.

ஐந்து மணிக்கு ஆர்னே வந்தார், சட்டையெல்லாம் புல் தூசியோடு. கட்டிலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிப்புக் கேட்டானா?"

"கேட்டாரு."

"அந்த ஆவி?"

"அதையும் ஒத்துக்கிட்டாரு."

"ஸ்தோத்திரம்! நீ சொல்லிட்டேல்ல?"

"நானா? சபை கட்டினதை நான் எப்படி அத்தான்..."

"அட, சாகுற நேரத்துல எந்த விசுவாசி வாயும் போதுமே! இதுகூடவா தெரியாது உனக்கு? சொன்னியா, இல்லியா?"

ஹில்க்கா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரே அவனைத் தொலைந்தவன் என்று சொல்லிவிடும். ஒன்பது பிள்ளைகளும் நரகத்தில் வேகும் அப்பனை நினைத்துக்கொண்டே வளரும்.

"சொன்னேன்," என்றாள்.

"அவன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. சிரிச்சாரு."

ஆர்னே தேம்பித் தேம்பி அழுதார். பொய் அழுகை இல்லை. தம்பிமேல் அவருக்கு உயிர். பிணத்தின் நெற்றியைத் தடவி, "தேவ சமாதானம், தம்பி" என்றார்.

இந்தப் பொய்யை அவள் எவரிடமும் அறிக்கை செய்ய முடியாது. செய்தால் மன்னிப்பு அவளுக்கு, நரகம் மறுபடியும் அவனுக்கு.

ஆர்னே அவள் பக்கம் கையை நீட்டினார். "தேவ சமாதானம், ஹில்க்கா."

அவள் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"தேவ சமாதானம், அத்தான்."