விளக்குக்கும் புரோமினுக்கும் நடுவே

துலூத் கல்லூரியின் வேதியியல் கூடத்தில் அந்த வெள்ளிக்கிழமை ஆர்லோவுக்கு இருந்தது ஒரே கவலை. நாலரைக்குள் சோதனைக் குழாயிலிருக்கும் பழுப்பு நிறம் போயாக வேண்டும். போகாவிட்டால் சனிக்கிழமையும் இதே கூடம்தான். உறைந்த ஏரியில் அப்பாவோடு மீன் பிடிப்பது அம்போ.

ஹெக்சேன் என்ற நிறமற்ற திரவத்தில் சில சொட்டு பழுப்புப் புரோமின், அவ்வளவுதான் சோதனை. ஒரு குழாயை அலுமினியத் தாளில் சுற்றிவிட வேண்டும், இன்னொன்றுக்கு விளக்கு. வெளிச்சம் பட்டால் புரோமின் ஒரு ஹைட்ரஜனை வெளியே அனுப்பிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், ஹாக்கியில் ஆள் மாறுவது போல, நடுவரைக் கேட்காமல். நிறம் மறைவதை மாணவன் தன் கண்ணால் பார்த்தால்தான் டெலியா கையெழுத்துப் போடுவாள். கூடத்தை மேய்க்கும் ஆராய்ச்சி மாணவி அவள். இரக்கத்துக்குப் பெயர்போனவள் அல்ல.

ஆகவே ஆர்லோ பார்த்தான். ஆறரை அடி உடம்பை வளைத்து, நச்சுப்புகையை உறிஞ்சும் புகைப்பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். பழுப்பு அசையவில்லை.

"டேய், அதை முறைக்காதடா, பயப்படுது," என்றாள் கூட்டாளி மாரென்.

கடைசியில் மனமுடைந்து, வரமுடியாது என்று அப்பாவிடம் போனில் சொல்ல வராந்தாவுக்குப் போனான். திரும்பி வந்தால் குழாய் தண்ணீர் மாதிரி தெளிந்திருந்தது.

"நீ நகர்ந்ததும் போயிடுச்சு," என்றாள் மாரென். "இவ்ளோ நேரம் விளக்கு உன் முதுகுக்குத்தான் எரிஞ்சுது."

டெலியா வந்தாள். "நீ பார்த்தியா?"

"இல்ல. மாரென் பார்த்தா."

"அப்போ மாரெனுக்குக் கையெழுத்து. உனக்கு நாளைக்கு."

மாரென் விடவில்லை. "இருட்டுல வெச்ச குழாய் இன்னும் பழுப்பாத்தான் இருக்கு. நீங்களே பார்த்துக் குறிச்சாச்சு. இனி அது சும்மாதானே கிடக்கு? தாளைப் பிரிச்சு இவனுக்குக் காட்டலாமே."

டெலியா மறுக்கக் காரணம் தேடினாள், கிடைக்கவில்லை. "சரி. ஆனா ஆர்லோ, நீ கதவுகிட்டப் போய் நில்லு."

கதவோரம் நின்று பார்த்தான். பழுப்பு மஞ்சளாகி, வெளுத்து, இல்லாமலே போனது. வகுப்பே திரும்பும்படி, "போயிடுச்சு!" என்று கத்தினான். டெலியா சிரிக்காமல் கையெழுத்திட்டாள்.

உடனே அப்பாவுக்குப் போன். "அப்பா, நான் வரேன்!"

"அடப்பாவி, உன் இடத்துல பக்கத்து வீட்டு வெண்டலைக் கூப்பிட்டுட்டேனே." கொஞ்சம் யோசித்தார். "பரவால்ல, வா. அந்தாள் குறட்டை விட்டுத் தூங்கிடுவான். தூண்டிலை நீ பிடிச்சுக்கோ."