தொண்ணூற்றெட்டு கிலோ

பட்டறையில் எல்லாரும் அவளை டார்ச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிக்கு அடியில் படுக்கும்போது டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்வாள். கை இரண்டும் வேலைக்கு வேண்டுமே. இருபத்திரண்டு வருடம் கடித்ததில் மேல்வரிசைப் பல் ஒன்று ஓரம் மழுங்கிவிட்டது. காரின் முன்பக்க சஸ்பென்ஷன் வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வேலையில் எடுத்த அந்தப் பெயர்தான் கடைசியில் அவளுக்கே வினையாக வந்தது.

அவளிடம் ஒரு பழக்கம். கடைசியாக போல்ட்டுகளை இறுக்குவதற்கு முன்னால் வண்டிக்காரரிடம், "உங்க எடை எவ்வளவு?" என்று கேட்பாள். ஒருத்தர், "ஏம்மா, நான் என்ன வெங்காய மூட்டையா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். விஷயம் இதுதான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் மூட்டில் ரப்பர் புஷ் இருக்கிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கித் தொங்கவிட்டே இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். சக்கரம் நான்கும் தரையில் நிற்க வேண்டும், ஓட்டுகிறவரின் எடை சீட்டில் இருக்க வேண்டும், அப்போதுதான் இறுக்க வேண்டும். வண்டியின் மட்டமும் சக்கரத்தின் நேரும் அப்போதே பார்த்துவிட வேண்டும். வண்டிக்காரரை அரை நாள் உட்கார வைக்க முடியுமா? அத்தனை கிலோ மணலைச் சாக்கில் கட்டி சீட்டில் வைப்பாள். வேறு எந்தப் பட்டறையிலும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

இந்தத் தடவை யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சாக்கில் ஐம்பத்தாறு கிலோ மணல். அவளுடைய எடை.

வண்டி அவளுடைய அப்பாவின் பழைய கார். உருண்டை விளக்கு, பெரிய ஸ்டீயரிங், ஐம்பது வருடத்து உடம்பு. அப்பா உயிரோடு இருந்தவரை அடியில் படுத்து கிரீஸ் அடிக்க மகள், ஸ்டீயரிங் பிடிக்க மகன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். "உனக்கெதுக்கும்மா அதெல்லாம்?" என்று சொல்லி அப்பா சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஊரார் வண்டியையெல்லாம் ஓட வைத்துவிட்டு அவள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

அப்பா போனதும் வீடு அண்ணனுக்கு, கடையும் அண்ணனுக்கு. அவள் மூச்சு விடவில்லை. கார் மட்டும் வேண்டும் என்றாள். "எடுத்துக்கோம்மா, யாரு வேணாம்னா?" என்று தேனொழுகச் சொன்னான் அண்ணன். "பேப்பர் என் பேர்ல இருக்கு, அதுக்கென்ன? ஆனா இந்த முன்பக்கத்தோட ரோட்டுல போனா நீ செத்துப்போவே. எனக்கிருக்கறது ஒரே தங்கச்சி. மொதல்ல அத மாத்து. முடியற அன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தரேன். சாமான் எல்லாம் என் பொறுப்பு."

சொன்னபடி சாமானும் வந்தது. புது இரும்புக் கைகள், ஸ்பிரிங், ஷாக், பால் ஜாயின்ட், டிஸ்க் பிரேக். எல்லாம் உசத்தி ரகம். எச்சில் கையால் காக்கா ஓட்டாத அண்ணன் இவ்வளவு செய்கிறானே என்று அவள் உருகிப்போனாள். உருகாமல் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கூடப்பிறந்தவன் விஷயத்தில் யாருக்குத்தான் மூளை வேலை செய்கிறது?

நான்கு மாதம், பட்டறை லீவு நாளெல்லாம், அந்தக் காரின் அடியில் கிடந்தாள். துருப்பிடித்த பழைய மூட்டைக் கழற்றவே மூன்று வாரம். முழங்கைத் தோல் உரிந்தது. தகரம் தட்டுகிற டிங்கர், வேலை இல்லாத நாளிலும் வந்து உட்கார்ந்துகொண்டு கேலி பண்ணுவான்.

"அக்கா, ஓட்டும்போது இந்த டார்ச்ச வாயிலேருந்து எடுப்பியா, மாட்டியா? எதிர்ல வர்றவன் பயந்துடுவான்."

"போடா டேய். மொத சவாரி உன்னத்தான் கூட்டிட்டுப் போறதா இருந்தேன். இப்ப கேன்சல்."

எல்லாம் பூட்டியாயிற்று. வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டாள். குழந்தைக்குத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி மெத்தென்று இறங்கி ஏறியது. மணல் சாக்கைத் தூக்கப் போன நேரத்தில் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"இன்னிக்குக் கடைசி வேலைன்னு சொன்னியே. மணல் வைப்பியே, வச்சுட்டியா?"

"வைக்கப்போறேண்ணா. அம்பத்தாறு."

"தொண்ணூத்தெட்டு வை" என்றான்.

"என்ன?"

"தொண்ணூத்தெட்டு வைம்மா. காரணம் இருக்கு."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அண்ணன் குச்சி மாதிரி இருப்பான், எழுபதைத் தாண்டியதில்லை. அண்ணி அறுபது. அந்தக் குடும்பத்தில் தொண்ணூற்றெட்டு கிலோ யாரும் இல்லை.

"யாருண்ணா தொண்ணூத்தெட்டு?"

"அது... தெரிஞ்சவர் ஒருத்தர். பழைய வண்டின்னா உசிரு. உன் கைவேலைன்னு சொன்னதும்தான் வாங்கிக்கறேன்னாரு. எடை பாத்து செட் பண்ணுவாங்களாமேன்னு அவரே தன் எடையச் சொல்லி அனுப்பினாரு. சாமானெல்லாம் யாரு வாங்கினதுன்னு நெனச்சே? அவருதான்."

"அப்ப எனக்குத் தரேன்னது?"

"உனக்கெதுக்கும்மா அதெல்லாம்? ஒண்டிக்கட்டை, எங்க நிறுத்துவே, எங்க போவே? பஸ்ஸு இருக்கு."

உனக்கெதுக்கும்மா அதெல்லாம். அப்பா சொன்ன அதே வார்த்தை, அதே இழுப்பு.

"நாலு மாசம் என் தலையில மொளகா அரைச்சுட்டியேண்ணா. கூடப்பிறந்தவ தலையில! மொதல்லயே சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா நீ இவ்வளவு நல்லா செஞ்சிருப்பியா?" என்றான். கொஞ்சமும் கூச்சமில்லாமல், நியாயம் கேட்கிறவன் மாதிரி சொன்னான். பாவி.

போனை வைத்துவிட்டு மணல் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நடந்ததைக் கேட்ட டிங்கருக்கு ரத்தம் கொதித்தது.

"அக்கா, ஜாக்கியில தொங்க விட்டே முறுக்கிடு. ஆறு மாசத்துல புஷ்ஷு கிழியட்டும். அந்த குண்டன் உங்கண்ணன் சட்டையப் பிடிக்கட்டும். இல்லேன்னா ஒரு போல்ட்ட லூஸா விடு."

"வாய மூடுடா. போற வர்றவங்க உசிரு அது."

"அப்ப அம்பத்தாறாவது வை. உசிரு போகாதுல்ல? வண்டி ஒரு பக்கமா கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதானே."

அவளுக்கு ஆசை இல்லாமலா? எழுந்து போய், ஐம்பத்தாறு கிலோ சாக்கை சீட்டில் ஏற்றினாள். போல்ட்டில் ஸ்பேனரையும் வைத்துவிட்டாள். கை வரவில்லை. ஓட்டப்போகிறவரின் எடை இது இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தப்பாக முறுக்க இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கை பழகியிருக்கவில்லை. "சனியன் பிடிச்ச கை" என்று தன்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இன்னொரு சாக்கில் நாற்பத்திரண்டு கிலோ மணலை அள்ளி, தராசில் நிறுத்து, அதையும் சீட்டில் வைத்தாள். ஸ்பிரிங்கின் உயரத்தை அந்த எடைக்கு மட்டம் பார்த்தாள். அத்தனை போல்ட்டையும் ஒழுங்காக இறுக்கி, சக்கரத்தின் நேரை இரண்டு தடவை பார்த்தாள். டிங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் வண்டியைக் கொண்டுபோய் விடச் சொல்லியிருந்தான் அண்ணன். மணல் சாக்குகளை இறக்கிவிட்டு அவள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். அந்தக் காரில், அந்த சீட்டில், வாழ்க்கையில் முதல் தடவை. டிங்கரைக் கூட்டிப்போகவில்லை. இன்னொருத்தன் எடை ஏறினால் கணக்கு மாறிவிடும் என்று சாக்குச் சொன்னாள்.

வண்டி பிரமாதமாக ஓடியது. குண்டும் குழியும் உடம்புக்குத் தெரியவே இல்லை. ஆனால் அவள் உட்கார்ந்த பக்கம் மயிரிழை உயர்ந்து நின்றது, வண்டி மயிரிழை ஒரு பக்கமாக இழுத்தது. வேறு யாராக இருந்தாலும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் வீடு வரை அந்த இழுப்பைக் கையால் பிடித்துப் பிடித்து நேராக்கிக்கொண்டே போனாள். கண் கலங்கியதைத் துடைக்கக்கூட ஒரு கையை எடுக்கவில்லை.

அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான். பக்கத்தில் தொண்ணூற்றெட்டு கிலோ பெரியவர், புதுச் சட்டையும் சிரிப்புமாக. அவர் சுற்றிவந்து பின்பக்கத்தைப் பார்க்கும்போது அண்ணன் குனிந்து ஜன்னலருகே கிசுகிசுத்தான்.

"நேரா ஓடுதா?"

"எனக்கு இழுக்குது. அவருக்கு நேரா ஓடும்."

"அது போதும்" என்றான் அண்ணன், பெருமூச்சு விட்டு. அப்புறம் கதவைத் திறந்து, "உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ, வேலை செஞ்சு களைச்சிருப்பே" என்றான்.

அவள் சாவியை அவன் கையில் தரவில்லை, சீட்டிலேயே வைத்தாள். "எனக்கு இனிமே அண்ணன் இல்ல" என்று மட்டும் சொன்னாள். பஸ் ஸ்டாப் தெருமுனையில்தான் இருந்தது. அவள் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே அந்தக் கார் அவளைத் தாண்டிப் போனது. பெரியவர் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த அண்ணனுக்குக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று.